மொத்தம் 24 பிள்ளைகள்: வாசகர் கேள்வி – பதில்

ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு சிறு மாற்றுப் பள்ளியை (வழக்கமான வகுப்பு, தேர்வு முறையை விட்டு வேறு வழியில் சொல்லிக்கொடுக்கும் பள்ளியை) நடத்திவரும் ஆசிரியை, பள்ளிச் சேர்க்கை பற்றியும் அங்கே படிக்கும் பிள்ளைகள் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

என் மகனுக்கு 7 வயது. பக்கத்து ஊரில் உள்ள மாற்றுப் பள்ளியில் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். அங்கே மொத்தமே இருபது பேர்தானாம். "இருபது பேர் இருந்தால் அது டியூஷன், பள்ளிக்கூடமா?" என்று மாமியார் கேட்கிறார். எதைப் பார்த்து முடிவு செய்வது?
– வாசகி, போளூர்

உங்கள் மாமியார் கேட்டது நல்ல கேள்வி. அவரையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போங்கள். தோட்டம், மரத்தடி வகுப்பு, மண் சுவர் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டுவார்கள். பார்த்து முடித்த பிறகு உட்கார்ந்து, "பிள்ளைகளின் வயதுக் கணக்கைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். மொத்தம் எத்தனை பேர் என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றுமே தெரிந்துகொள்ள முடியாது.

எங்கள் பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் 24 பேர். 5 முதல் 7 வயது வரை 9 பேர், 8 முதல் 10 வரை 8 பேர், 11 முதல் 14 வரை 7 பேர். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசி 7 பேரில் பெண் பிள்ளைகள் இரண்டே பேர். ஒருத்திக்கு 11 வயது, இன்னொருத்திக்கு 14. மதியச் சாப்பாடு முடிந்ததும் பையன்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடிவிடுவார்கள். சின்னவள் எட்டு வயதுக் கூட்டத்தோடு சேர்ந்து பல்லாங்குழி ஆடுவாள். பெரியவள் எங்களோடு வந்து உட்கார்ந்து கீரை ஆய்வாள். அவள் நன்றாகப் படிக்கிறாள், சிரித்த முகம்தான். ஆனாலும் 14 வயதுப் பெண்ணுக்குத் தன் வயதில் ரகசியம் பேச ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை நாங்கள் இன்னும் கொண்டுவரவில்லை.

அதனால் உங்கள் மகன் வயதில், ஒரு வயது முன்னே பின்னே, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். மூன்று பேர் இருந்தால்கூடப் போதும். ஒருவனோடு சண்டை போட்டால் போய்ச் சேர இன்னொருவன் வேண்டும், அவ்வளவுதான். வயது கலந்து படிப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பத்து வயதுப் பெண் ஏழு வயதுப் பையனுக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்கும்போது இரண்டு பேரும் படிக்கிறார்கள்.

அடுத்தது, எத்தனை குடும்பங்கள்? எங்கள் 24 பேரும் 16 வீட்டுப் பிள்ளைகள். அக்கா, தம்பி, சித்தப்பா மகள் என்று வருவார்கள். ஒரு குடும்பம் திருப்பூருக்குப் பிழைக்கப் போனால் மூன்று பிள்ளைகள் ஒரே நாளில் போய்விடுவார்கள். சிறு பள்ளி எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதைக் குடும்பங்களின் எண்ணிக்கைதான் சொல்லும்.

கடைசியாக ஒன்று. கடந்த இரண்டு வருடத்தில் யார் யார் பள்ளியை விட்டுப் போனார்கள், ஏன் போனார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் அப்படிப் போன ஒரு வீட்டாரோடு பேச முடியுமா என்றும் கேளுங்கள். நல்ல பள்ளி அந்த வீட்டாரிடம் கேட்டுவிட்டு, பேச ஏற்பாடு செய்து கொடுக்கும். சதவீதக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். 24 பேர் உள்ள இடத்தில் ஒரு பிள்ளை என்றால் நூற்றுக்கு நான்கு. "எங்கள் சேர்க்கை 20 சதவீதம் உயர்ந்தது" என்று நோட்டீஸில் போட்டிருந்தால், நான்கைந்து பேர் புதிதாக வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்களில் மூன்று பேர் ஒரே வீட்டிலிருந்து வந்திருந்தாலும் அதே 20 சதவீதம்தான்.

நான் எம்.எட். படிக்கிறேன். மாற்றுப் பள்ளி என்பதே வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையில் அங்கே படிப்பது யார்?
– வாசகர், திருச்சி

எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடைப்பதால்தான் இந்தச் சண்டை வருகிறது தம்பி. கூடலூரில் வித்யோதயா பள்ளி இருக்கிறது. பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடிச் சமூகங்களின் பிள்ளைகளுக்காகவே நடக்கிற பள்ளி அது. தருமபுரி மாவட்டம் நாகர்கூடலில் உள்ள புவிதத்தில் சிறு விவசாயிகளின் பிள்ளைகளும், வேலை தேடி வெளியூர் போகும் கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். எங்கள் மாவட்டத்திலேயே திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் மருதம் பண்ணைப் பள்ளி இருக்கிறது. 2009இல் தொடங்கியது. சுற்றியுள்ள கிராமத்துப் பிள்ளைகளும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து படிக்கிறார்கள். இவற்றையெல்லாம் பொழுதுபோக்கு என்று யாரும் சொல்ல முடியாது.

நகரத்தை ஒட்டி, வருடத்துக்கு லட்சக்கணக்கில் கட்டணம் வாங்குகிற மாற்றுப் பள்ளிகளும் இருக்கின்றன. உங்கள் நண்பர்கள் பார்த்தது அவற்றையாக இருக்கும். அங்கே என்ன நடக்கிறது என்றால், தேடி வருகிறவர்களை மட்டும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒரு மாற்றுப் பள்ளியைத் தேடி வர வேண்டுமென்றால், அப்படி ஒன்று இருப்பது முதலில் தெரிய வேண்டும். பத்தாம் வகுப்பு மார்க் இல்லாவிட்டாலும் பிள்ளை பிழைத்துக்கொள்வான் என்ற தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் சொத்தும் பட்டப்படிப்பும் உள்ள வீட்டில்தான் சுலபமாக வரும். ஒரு பள்ளி வாசலைத் திறந்து வைத்துக் காத்துக்கொண்டிருந்தால் மட்டும் போதும் என்றால், கொஞ்ச வருடத்தில் அங்கே ஒரே மாதிரி வீட்டுப் பிள்ளைகள்தான் இருப்பார்கள். கட்டணமே வாங்காவிட்டாலும் அப்படித்தான் ஆகும்.

எங்கள் 24 பேரில் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் 15 பேர். சென்னை, பெங்களூரு என்று நகரத்தை விட்டு இங்கே நிலம் வாங்கி வந்தவர்களின் பிள்ளைகள் 6 பேர். ஆசிரியர்களின் பிள்ளைகள் 3 பேர். முழுக் கட்டணம் கட்டுவது நகரத்திலிருந்து வந்த வீடுகள்தான். மற்றவர்கள் முடிந்ததைக் கொடுப்பார்கள். ஒரு வீட்டில் பருவத்துக்கு ஒரு மூட்டை சாமை தருவார்கள். நான் கணக்குப் புத்தகத்தில் அதைக் கட்டணம் என்றே எழுதுகிறேன்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடம் பற்றி உங்கள் ஆய்வில் எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன். அதை எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12(1)(இ) பிரிவு, நலிந்த பிரிவினருக்கு நுழைவு வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடம் கொடுக்கச் சொல்கிறது. முந்நூறு பேரைச் சேர்க்கிற பள்ளிக்கு அது 75 பிள்ளைகள். நுழைவு வகுப்பில் மூன்று பேர் சேரும் பள்ளிக்கு நான்கில் ஒரு பங்கு என்பது ஒரு முழுப் பிள்ளைகூட இல்லை. பெரிய பள்ளிகளை மனதில் வைத்து எழுதிய சட்டம், சிறு பள்ளியில் யார் படிக்க வேண்டும் என்பதை முடிவு செய்யாது. அந்தப் பொறுப்பை நடத்துகிறவர்கள்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சாதி பார்க்காத பள்ளி என்று சொல்லிக்கொள்கிறீர்கள். சேர்க்கைப் படிவத்தில் சாதி கேட்பீர்களா?
– வாசகர், வந்தவாசி

கேட்கிறோம். உதவித்தொகைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். நாளைக்கு வேறு பள்ளிக்கு மாறும்போதும் அது தேவைப்படும். மலையாளி பழங்குடிக் குடும்பங்கள் பல எங்கள் பக்கம் உண்டு. எஸ்.டி. சான்றிதழ் வாங்க அலைந்து அலைந்து சோர்ந்துபோன அப்பாக்களை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுதித் தருவதையும் எங்கள் வேலையாகவே வைத்திருக்கிறோம்.

நீங்கள் கேட்டது அது இல்லை என்று புரிகிறது. கேட்காமல் விட்டால் தெரியாமல் போய்விடும் என்ற ஆபத்து சிறு பள்ளியில் இருக்கிறது. "நாங்கள் சாதியே பார்ப்பதில்லை" என்று சொல்கிற ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். காலனியிலிருந்து ஒரு பிள்ளைகூட அங்கே இல்லை. பார்க்காததால் அந்தக் குறை யார் கண்ணிலும் படவில்லை.

சாதி உள்ளே வருவது படிவம் வழியாக மட்டும் இல்லை. வேன் வழியாகவும் வரும். எங்கள் வேன் முன்பு ஊர்த்தெருவில் பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் நின்று, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நேராகப் பள்ளிக்கு வந்துவிடும். காலனிப் பிள்ளைகள் அந்த நிறுத்தத்துக்கு நடந்து வருவார்கள். முதல் சீட்டு யாருக்கு, நின்றுகொண்டு வருவது யார் என்பது தானாகவே முடிவாகிவிடும். வழியை மாற்றினோம். இப்போது வேன் காலனியிலிருந்து கிளம்புகிறது, பிள்ளையார் கோயிலுக்கு அப்புறம்தான் வருகிறது. ஏறும்போதே ஜன்னலோரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மாறிவிட்டது. ஒரு வீட்டார் இதற்காகவே தங்கள் இரண்டு பிள்ளைகளையும் நிறுத்திவிட்டார்கள். அவர்களிடம் இரண்டு முறை போய்ப் பேசினேன். வேனைப் பழைய வழியிலேயே விடச் சொன்னார்கள், முடியாது என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேர் குறைவது எங்களுக்குப் பெரிய இழப்பு. அதற்காகப் பழைய வழிக்குத் திரும்பியிருக்க முடியாது.

உலகத்திலேயே பேர்பெற்ற மாற்றுப் பள்ளி சம்மர்ஹில் என்கிறார்கள். அங்கே எத்தனை பேர் படித்தார்கள்?
– வாசகர், கோவை

பேரைக் கேட்டால் ஆயிரம் பேர் படித்த பள்ளி என்று நினைப்போம். ஏ.எஸ். நீல் 1921இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் அதைத் தொடங்கினார். பிறகு இங்கிலாந்துக்கு வந்து லைம் ரீஜிஸ் ஊரில் நடத்தியபோது முதலில் 5 பிள்ளைகள்தான். 1927இல் சஃபோக் மாவட்டத்து லீஸ்டன் ஊருக்கு மாறினார். இன்றும் பள்ளி அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பிறகும் சிறு எண்ணிக்கையில்தான் ஏறி இறங்கி வந்திருக்கிறது.

எண்ணிக்கையைவிட, யார் வந்தார்கள் என்பது எனக்குச் சுவையான விஷயம். 1960இல் நீலின் எழுத்துகள் அமெரிக்காவில் புத்தகமாக வெளிவந்து பரபரப்பாக விற்றன. அப்புறம் அமெரிக்கப் பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். அந்த அலை ஓய்ந்த பிறகு ஜப்பான், ஜெர்மனி, கொரியா என்று வேறு நாட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். தங்கிப் படிக்கிற பள்ளி என்பதால் இது நடந்தது. பள்ளி ஒரே இடத்தில் இருந்தாலும் உள்ளே பேசப்படும் மொழிகள் பத்து வருடத்துக்கு ஒருமுறை மாறின. தேடி வருகிறவர்களை நம்பியிருக்கும் பள்ளிக்கு எங்கேயோ விற்கிற ஒரு புத்தகம் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கும். அதுபோல அவர்கள் வராமலும் போவார்கள்.

நமக்குப் பக்கத்தில் இதற்கு நேர்மாறான ஒன்று இருந்தது. டேவிட் ஹார்ஸ்பரோ என்ற ஆங்கிலேயர் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் 1972இல் நீல்பாக் பள்ளியைத் தொடங்கினார். சுற்றியுள்ள கிராமத்துப் பிள்ளைகளுக்காகவே தொடங்கியது. வகுப்பு என்ற பிரிவு கிடையாது, பரீட்சை கிடையாது. வயது கலந்து உட்கார்ந்து அவரவர் வேகத்தில் படித்தார்கள். 1984இல் அவர் இறந்துவிட்டார். ஆந்திராவின் ரிஷிவேலியைச் சுற்றியிருந்த ஒற்றை அறைக் கிராமப் பள்ளிகளிலும் இதே மாதிரி வயது கலந்த வகுப்புகள்தான். அங்கே உருவான ஏணிப்படி அட்டை முறையை (பாடத்தைச் சிறு சிறு படிகளாக அட்டைகளில் பிரித்து, பிள்ளை தானே ஒவ்வொன்றாக ஏறிப் படிக்கும் முறையை)த்தான் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்று தொடங்கினார்கள். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். சில வருடங்களில் அது தமிழ்நாடு முழுக்க 1 முதல் 4 வகுப்பு வரை எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் வந்தது. தரையில் பாய் விரித்து, விலங்குப் படம் போட்ட அட்டைகளை எடுத்துப் படித்த பிள்ளைகள் இப்போது கல்லூரி முடித்திருப்பார்கள். ஒரே அறையில் முப்பது பேர், அத்தனை பேரும் வெவ்வேறு வயது என்கிற கட்டாயத்திலிருந்து பிறந்த முறை லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சிறு பள்ளி நடத்துகிறவர்கள் சோர்ந்துபோகும்போது நான் இதைத்தான் சொல்வேன்.

மாற்றுப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு வயதுக்கு மேல் பிள்ளைகள் குறைந்துவிடுகிறார்களே, ஏன்?
– வாசகர், அரூர்

இந்தக் கேள்விக்கு "பெற்றோருக்கு நம்பிக்கை போய்விடுகிறது" என்று சுலபமாகப் பதில் சொல்லிவிடுவார்கள். நகரத்து வீடுகளுக்கு அது பொருந்தும். கிராமத்து வீடுகளில் கணக்கே வேறு.

ஆறாம் வகுப்பு என்பது தமிழ்நாட்டில் பெரிய வாசல். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரி படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இல் வந்தது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அதுவும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். அடுத்த வருடமே பொறியியலுக்கும் வந்தது. கூலி வேலை செய்கிற ஒரு அம்மாவிடம், "இதையெல்லாம் விட்டுவிட்டு எங்களிடமே இருக்கட்டும்" என்று நான் எந்த முகத்தோடு சொல்வேன்?

அதனால் நாங்களே சொல்லிவிடுகிறோம். பிள்ளைக்குப் பத்து வயது ஆகும்போது அம்மா, அப்பா, பாட்டி எல்லாரையும் உட்காரவைத்து, அரசுப் பள்ளிக்குப் போனால் என்ன கிடைக்கும், இங்கே இருந்தால் என்ன வழி என்று இரண்டையும் விளக்குகிறோம். மாறுவது என்று முடிவானால் உடனே டி.சி. கொடுக்கிறோம். டி.சி. தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. நேரடியாக வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கலாம் என்று 4ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டையும் வெள்ளைத்தாளில் தமிழில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுத்து அனுப்புவேன். சில தலைமையாசிரியர்கள், "அங்கே என்ன படித்தான், எந்த வகுப்பில் போடுவது?" என்று தயங்குவார்கள். அந்தத் தாளைப் பார்த்ததும் சேர்த்துக்கொள்வார்கள்.

எங்களிடமே இருந்தால் வழி இல்லாமல் இல்லை. பன்னிரண்டரை வயது நிறைந்தால் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். 14 வயதில் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பை எழுதலாம். ஆனால் விண்ணப்பம், மையம், கட்டணம், தேதி என்று ஒருவர் பின்னாலேயே அலைய வேண்டும். படித்த அப்பா இருக்கும் வீட்டில் அது ஒரு வேலை, அவ்வளவுதான். படிக்காத வீட்டில் அது பெரிய மலை. அதனால் 11 வயதுக்கு மேல் எங்களிடம் தங்குகிறவர்களில் நகரத்து வீடுகளின் பங்கு கூடிவிடுகிறது. இதைத் தடுக்க வேண்டுமென்றால் அந்த அலைச்சல் முழுவதையும் பள்ளி தன் தலையில் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. வயதுக்கு வந்துவிட்டால், "அங்கே பையன்கள்தானே அதிகம், அவளுக்குத் துணை யார்?" என்று பாட்டி கேட்பார். பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த வயதில் நான்கு பெண்கள் சேர்ந்து நடந்து வந்தால் அந்தக் கேள்வியே எழாது. ஒருத்தி போனால் அடுத்தவளுக்குத் துணை இல்லை, அவளும் போவாள். பெரிய பள்ளியில் ஒரு பெண் விலகினால் ஒரு பெண் விலகினாள் என்று முடிந்துவிடும். எங்களிடம் ஒருத்தி விலகினால் மூன்று பேர் விலகிவிடுவார்கள்.

வருடம் முழுக்க எண்ணிக்கை ஒரே மாதிரி இருக்குமா?
– வாசகி, செங்கம்

இருக்காது. பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு கிளம்புவார்கள். ஜனவரியில் 24 பேர் என்றால் மார்ச்சில் 19 இருக்கும். ஜூனில் திரும்பி வருவார்கள். முன்பெல்லாம் பதிவேட்டில் நீண்ட விடுப்பு என்று எழுதி விட்டுவிடுவோம். இப்போது கிளம்புகிற பிள்ளை கையில் பாடப் பை ஒன்று கொடுத்து அனுப்புகிறோம். சூளைக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் தற்காலிகமாக உட்காரவைக்க முடியுமா என்று ஃபோனில் பேசுகிறோம். பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போக முடிகிற குடும்பமாக இருந்தால், பாட்டிக்கு அரிசியும் பருப்பும் சேர்த்துக் கொடுக்கிறோம். பிள்ளை ஊரிலேயே நிற்பதற்கு இதுதான் பெரும்பாலும் உதவுகிறது.

சில மாற்றுப் பள்ளிகளில் பெற்றோரை மூன்று நான்கு முறை நேர்காணல் செய்கிறார்களே, இது சரியா?
– வாசகர், சென்னை

பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டித் தேர்வு செய்யும் எந்த முறையும் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பள்ளி எப்படி நடக்கும், என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று விளக்குவது வேறு. அதை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். "நீங்கள் எங்கள் சிந்தனைக்குப் பொருந்துவீர்களா?" என்று அளந்து பார்ப்பது தவறு. கூலி வேலைக்குப் போகிற ஒரு தாய் மூன்று நாள் வேலையை விட்டுவிட்டு நேர்காணலுக்கு வர முடியாது. அந்த மூன்று நாளே அவரை வடிகட்டிவிடும்.

நானும் என் மனைவியும் ஆசிரியர்கள். ஊரில் ஒரு சிறு பள்ளி தொடங்க ஆசை. எத்தனை பிள்ளைகள் இருந்தால் தொடங்கலாம்?
– வாசகர், கிருஷ்ணகிரி

கல்வி உரிமைச் சட்டப்படி பார்த்தால் தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும். நீங்கள் இரண்டு பேரும் இருக்கிறீர்கள். அங்கீகாரம் இல்லாமல் பள்ளி என்ற பெயரில் நடத்தக் கூடாது. நடத்தினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் நாளுக்கு 10,000 ரூபாய் வரை என்று 18ஆம் பிரிவு சொல்கிறது. கட்டடம், கழிப்பறை, விளையாட்டு இடம் எல்லாவற்றுக்கும் விதிகள் உண்டு. மாலை நேரக் கற்றல் மையமாகத் தொடங்கினால் இந்தச் சுமை இல்லை. பிள்ளைகள் பகலில் அரசுப் பள்ளிக்குப் போவார்கள், மதிய உணவும் மற்றதும் கிடைக்கும், மாலையில் உங்களிடம் வருவார்கள். முதல் சில வருடங்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன்.

தொடங்குவதற்கு முன்னால் ஒரு நோட்டு வாங்கி, வீடு வீடாகப் போய் உங்கள் ஊரில் 5 முதல் 10 வயது வரை எத்தனை பிள்ளைகள், எந்தத் தெருவில், ஆண் எத்தனை, பெண் எத்தனை, இப்போது எங்கே படிக்கிறார்கள் என்று எழுதுங்கள். காலனியையும் மலைக்கு மேலே இருக்கிற வீடுகளையும் முதலில் எழுதுங்கள். முதல் பத்துப் பிள்ளைகள் யார் என்பதுதான் அடுத்த ஐம்பது பேர் யார் என்பதை முடிவு செய்யும். முதல் பத்துப் பேரும் உங்கள் நண்பர்களின் பிள்ளைகளாக இருந்தால், பதினோராவது அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இது நமக்கில்லை" என்று திரும்பிப் போய்விடுவார்.

உங்கள் பள்ளியில் வரும் ஜூனில் இடம் இருக்கிறதா?
– வாசகி, கலசப்பாக்கம்

இருக்கிறது. இந்த வருடம் நான்கு பேர் ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளி போகிறார்கள், மூவர் பெண்கள். அதனால் 9 முதல் 12 வயது வரை உள்ள பெண் பிள்ளைகளுக்கு முதல் இடம் வைத்திருக்கிறோம். ஒருவராக வருவதைவிட இரண்டு பேராக, பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. வயதுச் சான்று இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கட்டணம் பற்றி முதல் நாள் பேச மாட்டோம். மே மாதம் மலைக்கு மேலே உள்ள ஊர்களுக்கும் கீழே உள்ள காலனிகளுக்கும் நாங்களே வருகிறோம். சனிக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு மேல் நீங்கள் பள்ளிக்கு வரலாம். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். நாம் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவள் மற்றவர்களோடு விளையாடட்டும், மதியம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.